அழைத்த வேகம்

மலையுச்சி வானிலை நிலையத்திலிருந்து முந்தின மாலை அண்ணனின் குரல் ஒரே ஒரு முறை வந்தது: "சுவர் விழுந்துடுச்சு, வண்டி அனுப்புங்க." பிறகு இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. புயலில் தொலைபேசிக் கோபுரமும் சாய்ந்துவிட்டதால், அண்ணன் வீட்டிலிருந்த வானொலிக் கருவிதான் மிச்சம். அந்த இரைச்சலைத் துளைத்துவரக்கூடியது, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸ் ஒலி மட்டுமே. அது தெரிந்த, ஊர் வானொலி ஆர்வலர் சங்கத்தின் செயலாளர் வெளியூர் போயிருந்தார். எஞ்சியவள், அண்ணனுக்குத் தெரியாமல் மூன்று மாதமாக அதைப் பழகிவந்த தங்கை.

அச்சகத்தில் பிழைதிருத்துபவள் அவள். அரைகுறை என்றால் ஆகாது. கேட்டு எழுதுவது தடுமாறியதால், தட்டி அனுப்புவதையே மெருகேற்றிக்கொண்டாள். விரல் தேர்ந்துவிட்டது; காது தவழ்ந்துகொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வாசற்படியில் நின்றார்.

"மேல போக ரெண்டு ரோடும்மா. உடைஞ்ச ரோட்டுல ஏறிட்டா வண்டிய திருப்பக்கூட இடமில்ல. எதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

"எந்தப் பாதை?" என்று ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டினாள், வேகமாக, மணிமணியாக. பதில் உடனே வந்தது, மழையாகக் கொட்டியது. முதல் எழுத்தைப் பிடித்தாள். இரண்டாவது எதுவென்று யோசிப்பதற்குள் ஒரு வரியே ஓடிவிட்டது. விட்ட எழுத்தை விட்டுவிட அவளால் முடியவில்லை. மறுபடி சொல்லும்படி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதே வெள்ளம். மூன்றாம் முறை ஒலி மெலிந்திருந்தது. அவன் பாட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

"என்னதான் சொல்றாரு?" அண்ணி தோளைப் பிடித்து உலுக்கினாள். "வீட்டுல ஒரு டப்பா விடாம தட்டித் தீர்த்தியே, இப்ப ஊமையாட்டம் உட்கார்ந்திருக்கே!"

"அண்ணி, ரொம்ப வேகமா வருது."

"மெதுவா அனுப்பச் சொல்லேன்டி!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழைத்த வேகத்திலேயே பதில் சொல்வது மோர்ஸ் தட்டுபவர்களிடையே மரியாதை. இவளுடைய பழுதற்ற விரலைக் கேட்டு, எதிரில் செயலாளர் இருக்கிறார் என்று அண்ணன் நம்பிவிட்டான். அவனுடைய பாட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது இவளுடைய நேர்த்திதான்.

கையை வேண்டுமென்றே தளர்த்தினாள். "தங்கை" என்று தட்டினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் ஒரு மூச்சு விட்டு, பள்ளிப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல.

எதிர்முனை மௌனமாயிற்று. அவள் முகத்தைப் பார்த்து அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, கிணற்றின் ஆழத்திலிருந்து வருவதுபோல, மிக மெதுவாக ஒலி வந்தது. ஒவ்வொன்றாக எழுதினாள்: கிழக்கே பாலம் இல்லை. மேற்கே வா. சீக்கிரம். அடுத்த எழுத்து பாதியிலேயே இழுபட்டு நின்றது. மீண்டும் அழைத்தாள். இரைச்சல் மட்டும் பதில் சொன்னது.

"மேற்கு!" என்று அவள் கத்தினாள். ஓட்டுநர் படிகளைத் தாண்டி ஓடினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"அவரு எப்படி இருக்காராம்?" அண்ணியின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "அடி கிடி பட்டிருக்கான்னு சொன்னாரா?"

"முதல்ல நீளமா அனுப்பினாரே, அதுல சொல்லியிருப்பாரு, அண்ணி. எனக்குத்தான் பிடிபடல."

அண்ணி நாத்தனாரின் தலையிலிருந்து ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றி, தன் காதுகளில் மாட்டிக்கொண்டு, அந்த இரைச்சலைக் கேட்க உட்கார்ந்தாள்.