நடுவில் வைத்த ஆக்ஸில்

தீனதயாளன் பாவா வீட்டிலேயே டிரெய்லர் செய்யப்போகிறார் என்று என் மனைவி விஜி சொன்னபோது நான் சிரித்தேன். அவர் அவளுடைய அண்ணன். பவர்லூம் மெக்கானிக். அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று போய்த் தறி ரிப்பேர் செய்கிறவர், மூன்று டன் அறுவடை மிஷினை ஏற்றும் டிரெய்லரை எப்படிச் செய்வார்? ஆனால் அவர் செய்துகொண்டே போனார். எனக்குத்தான் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் இதுதான். திருவாலங்காட்டுப் பக்கம் கஜபதி என்பவரிடம் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை மிஷின் ஒன்று இருக்கிறது. அதைத் தார் ரோட்டில் ஓட்ட முடியாது. ஊர் ஊராக ஏற்றிப் போய் இறக்க வேண்டும். பல வருஷமாக அந்த வேலை என்னுடையது. என் டிராக்டர், என் பழைய கரும்பு டிரெய்லர். அந்த டிரெய்லரின் தளம் உயரம், மிஷினை ஏற்ற ஒரு மேடு தேட வேண்டும். மேடு கிடைக்காத ஊரில் கஜபதி என்னைப் பார்க்கும் பார்வை நன்றாக இருக்காது. பாவா செய்வதோ தாழ்வான தளம், பின்னால் இறக்கிவிட்டால் மிஷின் தானே ஏறும் சரிவுப் பலகை. அது ரோட்டுக்கு வந்தால் அறுவடை சீசன் அவருக்குப் போய்விடும்.

தெருவில் எங்கே போனாலும் அதே பேச்சு. டீக்கடை சேட்டு கிளாஸை வைக்கும்போதே ஆரம்பிப்பான்.

"இன்னா வேதாசலம், உங்க பாவா வூட்டாண்ட போய்ப் பாத்தியா? கம்பெனி வண்டி தோத்துது போ."

"பாத்தேன்."

"மூஞ்சி ஏன் இப்டி இருக்குது? டீயில சக்கர கம்மியா?"

வீட்டுக்கு வந்தால் விஜி தூக்கில் மோர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

"அண்ணன் வெயில்ல வெல்டிங் அடிச்சிகினு இருக்காரு, பாவம்."

"நானும் வெயில்லதான் டிராக்டர் ஓட்றேன்."

"நீங்க குந்திகினுதானே ஓட்றீங்க."

என் மகள் சினேகா, மாமன் வெல்டிங் அடிக்கும்போது தீப்பொறி பறப்பதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். நான் இத்தனை வருஷமாக ஓட்டும் டிராக்டரின் ஒரு போட்டோகூட அவள் போனில் கிடையாது. தேடிப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், உதவி செய்ய இல்லை. தறி ஷெட்டுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் டிரெய்லரின் சட்டம் கிடந்தது. இரும்புச் சேனல் நேராக இருந்தது. வெல்டிங்கை விரலால் தடவினேன், அடுக்கி வைத்த காசு மாதிரி வரிசையாக இருந்தது. வயிறு எரிந்தது.

"மாப்ள, வா வா. இந்த டேப்ப கொஞ்சம் புடி," என்றார் பாவா.

பிடித்தேன். பழைய லாரி ஆக்ஸில் ஒன்றை வாங்கி வில்பட்டையோடு பொருத்திக்கொண்டிருந்தார். முன்னால் அளந்தார், பின்னால் அளந்தார், சாக்பீஸில் கோடு போட்டார். சரிபாதி. ஆக்ஸிலை நட்டநடுவில் வைத்தார்.

"பீம் தூக்கறப்போ நடு பாத்துதான கட்றோம்? ஒரு விரக்கடை தள்ளிச்சினா சாஞ்சிக்கும். அதே கணக்குதான்," என்றார்.

தறிக்குப் பாவு நூல் சுற்றிய பீம் உருளையைச் சங்கிலியில் தொங்கவிட அந்தக் கணக்கு சரி. டிரெய்லருக்கு இல்லை. ஆக்ஸில் நடுவுக்குப் பின்னால் இருந்தால்தான் பாரத்தில் கொஞ்சம் முன்பக்கம் வந்து டிராக்டர் கொக்கியை அழுத்தும். அது இல்லாவிட்டால் மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாய்ந்து, டிரெய்லர் மூக்கைத் தூக்கும். கூடவே டிராக்டரின் பின்சக்கரத்தையும் தூக்கும். கரும்பு ஏற்றுகிற எல்லாருக்கும் இது தெரியும். பாவாவுக்குத் தெரியவில்லை.

நான் டேப்பைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்குது பாவா," என்றேன். வரும் வழியில் சேட்டு கடையில் நின்று, அவன் கேட்காமலேயே நானே இரண்டு வடை எடுத்துச் சாப்பிட்டேன்.

பத்து நாள் அந்த சந்தோஷத்தில் இருந்தேன். பிறகு பாவா வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, கிருத்திகைக்கு மலைக் கோயிலுக்கு எடுத்துகினு போய்ப் பூசை போடணும். கஜபதியும் அவரு மிஷினுக்குப் பூசை போடணும்ன்றாரு. மிஷின நம்ம டிரெய்லர் மேலயே ஏத்திகினு போலாம்னு சொல்லிட்டேன். மல ஏறி எறங்கிட்டா சீசன் பூரா உனக்குத்தான்னாரு."

"இழுக்கறது யாரு?"

"இன்னா கேள்வி இது? உன் டிராக்டருதான். நீதான்."

விஜி சமையற்கட்டிலிருந்து, "அவருதான் ஓட்டுவாரு அண்ணா," என்றாள்.

மலைப்பாதையின் வளைவு கண்ணுக்கு முன்னால் வந்தது. பின்சக்கரம் தரையைப் பிடிக்காத டிராக்டரில் நான், பின்னால் மூன்று டன், அதற்கும் பின்னால் நடந்து வரும் ஜனங்கள். கிருத்திகைக்கு முந்தின நாள் வரைக்கும் சொல்லாமல் இருந்தேன். அன்று சாயங்காலம் பாவா வீட்டில் எல்லாரும் டிரெய்லருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய்ச் சொன்னேன்.

"பாவா, ஆக்ஸில் தப்பு. பின்னால தள்ளணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாவாவின் மனைவி மனோரமா குங்குமக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

"இன்னாண்ணே, நல்ல நாளு அதுவுமா," என்றாள்.

"மாமா, பெயின்ட் அடிச்சாச்சி, நெம்பர் எழுதியாச்சி. இப்பப் போயி ஆக்ஸில்ன்ற," என்று பாவாவின் மகன் எழிலன் சொன்னான்.

விஜி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "உங்களுக்கு வயித்தெரிச்சல்னு எனக்குத் தெரியும். அதுக்குன்னு நாலு பேரு முன்னால இப்டியா?"

அவள் சொன்னது உண்மை. நான் சொன்னதும் உண்மை. ஆனால் என் உண்மையை நம்ப அங்கே ஒருத்தரும் இல்லை. இத்தனை நாள் நான் வைத்திருந்த மூஞ்சிதான் அதற்குக் காரணம்.

"சரி, நம்பாதீங்க. எல்லாரும் வண்டி மேல ஏறி பின்பக்கம் போய் நில்லுங்க. போட்டோ எடுக்கறேன்," என்றேன்.

போட்டோ என்றதும் ஏறினார்கள். மனோரமா, விஜி, எழிலன், ஷெட்டில் வேலை செய்யும் இரண்டு பேர், சினேகா. கடைசியாக வாசலில் வேடிக்கை பார்த்த எதிர்வீட்டுத் தாயம்மாளும் ஏறினாள். அவள் நல்ல கனம். ஜாக்கி மேல் இருந்த மூக்கு மெதுவாக எழுந்து, கும்பிடுகிற மாதிரி மேலே போனது. வால் மண்ணில் இடித்தது. மொத்தக் குடும்பமும் பின்பக்கமாகச் சரிந்து ஒருத்தர் மேல் ஒருத்தர் உட்கார்ந்தார்கள்.

"யாருடி என் கால மிதிச்சது," என்றாள் தாயம்மாள்.

பாவா சிரிக்கவில்லை. ஆகாசத்தைப் பார்த்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ தள்ளணும்?"

"ஒன்றர அடி."

"டேப் புடிச்ச அன்னிக்கே பாத்தியா?"

"ஆங்."

"நானா இருந்தா மல ஏறி முடிக்கற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன் மாப்ள," என்று சொல்லிவிட்டுக் கட்டிங் டார்ச்சை எடுக்கப் போனார்.

வில்பட்டையைப் பிடித்திருந்த வெல்டிங்கை வெட்டி, ஆக்ஸிலைத் தள்ளி வைத்தோம். இந்த முறை டேப்பை ஒழுங்காகப் பிடித்தேன். மறுநாள் மிஷினோடு மலை ஏறினோம். வளைவில் டிராக்டர் ஒரு இடத்திலும் கால் தூக்கவில்லை. பூசை முடிந்து இறங்கியதும் கஜபதி பாவாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஆக்ஸில பின்னால வெச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் வெவரம்," என்றார்.

"அது எங்க மாப்ள சொன்னது," என்றார் பாவா.

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவரைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். கஜபதி என் பக்கம் தலையை மட்டும் ஆட்டினார். சீசன் வேலையைப் பாவாவிடம்தான் பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் பாவா கேட்டார்.

"இழுக்கறதுக்கு டிராக்டர் வோணும். நீ வரியா?"

"உன் டிரெய்லருக்கு நான் டிரைவரா?"

"புடிக்கலன்னா வுடு. மணவூர்ல முருகவேல்னு ஒருத்தன், புது டிராக்டர் வெச்சிகினு இருக்கான். நேத்தே கேட்டான்."

முருகவேலை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த டிரெய்லரை, நான் இடம் சொல்லி வைத்த ஆக்ஸிலோடு, அவன் புது டிராக்டர் இழுத்துக்கொண்டு சேட்டு கடையைத் தாண்டிப் போவது போல் நினைத்துப் பார்த்தேன். பாவாவின் மேல் இருந்த எரிச்சலைவிட அது பெரிதாக எரிந்தது.

"எத்தினி மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டேன்.