வெள்ளைக்கு ஆடியது யார்

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு மாலை, லஸ் பக்கத்தில் பாத்திரக் கடைக்கு மேலே இருக்கும் சதுரங்க மன்றத்துக்குக் கருணாகரன் முகத்தைச் சுளித்துக்கொண்டே படியேறினார். கீழே ஒருவன் எவர்சில்வர் அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்டா வாங்குகிறவன்கூட யோசித்து வாங்குகிறான், மேலே இருப்பவர்கள் யோசிக்காமல் காய் நகர்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கோபாலபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவர் அவர். இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளை முட்டாள் என்று திட்டிச் சம்பாதித்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இலவசமாகவே செய்துவந்தார்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறுதோறும் ஒருவர் சுவரில் தொங்கும் பெரிய பலகையில் புதிர் ஒன்றை நிமிஷத்துக்கு ஒரு காயாக வைத்துக்கொண்டே போவார். மொத்தம் எத்தனை காய் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். வெள்ளையின் வெற்றி நகர்வு எது என்று யாருக்குத் தோன்றுகிறதோ, அவர் சீட்டில் எழுதிப் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். சரியாக இருந்தால், அந்த நேரத்தில் இன்னும் எத்தனை காய் மிச்சமோ அத்தனை புள்ளி. தப்பென்றால் சைபர். ஆளுக்கு ஒரே சீட்டு. வருஷ முடிவில் அதிகப் புள்ளி எடுத்தவர்தான் அடுத்த வருஷம் முழுக்கப் புதிர் வைப்பவர்.

அந்த இடம் கருணாகரனுக்கு வேண்டும். வெறும் ஆசையில்லை, வெறி. இந்த வருஷம் முழுக்க ஷரீஃப் பாய் அதில் உட்கார்ந்திருக்கிறார். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் புதிர் போட, தான் பெஞ்சில் உட்கார்ந்து சீட்டு எழுதுவதா என்பது அவருடைய வயிற்றெரிச்சல். புள்ளிக் கணக்கில் கருணாகரன் இரண்டு புள்ளி முன்னால் இருந்தார். பின்னால் இருந்தது அன்புச்செல்வி, மந்தைவெளி டிப்போவில் டைம் கீப்பர். பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதும் பெண். கருணாகரன் அவளைப் போட்டியாகவே எண்ணவில்லை. கடைசிக் காய்கள் வரும்வரை பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு மூன்று புள்ளியாகப் பொறுக்கிச் சேர்ப்பவள் என்பது அவர் கணிப்பு.

"இன்னிக்கு மொத்தம் பதினாலு காய். வெள்ள ஆடி ஜெயிக்கணும்" என்றார் ஷரீஃப் பாய்.

முதலில் வெள்ளை ராஜா. அடுத்துக் கறுப்பு ராஜா, வலது மூலையில். அதன் முன்னால் இரண்டு கறுப்புச் சிப்பாய்கள். கருணாகரன் பலகையைப் பார்க்கவில்லை. பாயின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைப் படித்தால் போதும், ஆட்டத்தைப் படிக்க வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. பாய்க்கு ராணியைப் பலி கொடுக்கிற புதிர் என்றால் உயிர். கல்யாண வீட்டில் சீரியல் பல்பு போடுகிற ரசனை அது.

ஐந்தாவதாக வெள்ளை ராணி. ஆறாவதாகக் கறுப்பு யானை, அதே கோட்டின் மறுகோடியில், கறுப்பு ராஜாவின் வரிசையில். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ராணி நேராகப் போய் யானையை வெட்டினால் மூலையில் சிப்பாய்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும் ராஜா காலி. கருணாகரனுக்குச் சிரிப்பு வந்தது. பிரித்த மிட்டாயை நீட்டுகிறாரே மனுஷர் என்று நினைத்தார். 'ராணி யானையை வெட்டும்' என்று எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி டின்னில் போட்டார். எட்டுப் புள்ளி.

"மீதிக் காய நீங்க நிதானமா வைங்க பாய். அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து உங்களுக்கு ரெஸ்ட்" என்றார்.

 ஷரீஃப் பாய் ஏழாவது காயை எடுத்தார். வெள்ளைக் குதிரை. அதை ராணிக்கும் யானைக்கும் நடுவில் செருகினார்.

வழி அடைபட்டது. எழுதிய சீட்டு குப்பை.

கருணாகரன் முகத்தில் ஈயாடவில்லை. பெஞ்சில் யாரோ இருமலை அடக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த காய்கள் அவருக்கு இன்னும் எரிச்சலூட்டின. கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கறுப்பு யானை. குதிரையைக் குறிபார்த்து ஒரு கறுப்புச் சிப்பாய். கறுப்பு ராணி. பதினோராவதாக, ராணிக்கு அருகே வெள்ளை யானை. அது உட்கார்ந்ததும் அன்புச்செல்வி எழுந்துபோய்ச் சத்தமில்லாமல் சீட்டைப் போட்டுவிட்டு வந்தாள். மிச்சம் மூன்று காய், மூன்றும் வெள்ளைச் சிப்பாய்கள்.

மூன்றையும் வைத்து முடிக்கும்வரை கருணாகரனால் பொறுக்க முடியவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது புதிரே இல்ல. வெள்ளைக்கு இதுல ஒண்ணுமே கிடையாது. குதிரைய சிப்பாய் வெட்டப் போகுது. குதிரை நகர்ந்தா பின்னாடி நிக்கற ராணி போச்சு. தலைல மூளை இருக்கறவன் இந்த இடத்துல ஆட்டத்த விட்டுட்டு எழுந்து போவான். முதல்ல இப்படி ஒரு நிலைமைக்கு வந்து சேர்ந்திருக்கானே, எந்த மடையன் வெள்ளைக்கு ஆடினது?"

ஷரீஃப் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, டின்னைத் திறந்தார். இரண்டே சீட்டு. இரண்டாவதைப் படித்துவிட்டு, "நீயே வந்து ஆடிக் காட்டும்மா" என்றார்.

அன்புச்செல்வி பலகைக்கு வந்தாள். "குதிர நவுந்தா ராணி பூடும்னு தான சார் சொன்னீங்க. போவட்டும். நான் செக்கு சொன்னா அவன் ராஜாவ பாப்பானா, ராணிய வெட்டினு இருப்பானா?" என்றபடி குதிரையை எடுத்துக் கறுப்பு ராஜாவின் வாசலுக்கே கொண்டுபோய் வைத்தாள். செக். ராஜாவுக்கு நகர இடமில்லை. குதிரையை வெட்ட இருப்பது ஓரத்துச் சிப்பாய் ஒன்றுதான். அது வெட்டப் போனதும் ஓரம் திறந்துகொண்டது. வெள்ளை யானை சர்ரென்று பக்கவாட்டில் ஓரத்துக்கு வந்தது. மேட்.

மூன்று புள்ளி. இரண்டு புள்ளி முன்னால் இருந்தவரை ஒரு புள்ளியில் தாண்டிவிட்டாள். அடுத்த வருஷத்துப் பலகை டிப்போக்காரிக்கு.

"செல்லாது. இப்படி ஒரு நிலை நிஜ ஆட்டத்துல வராது. உட்கார்ந்து ஜோடிச்சிருக்கார்" என்றார் கருணாகரன்.

"ஜோடிக்கல சார். வந்த ஆட்டம்தான்."

"யார் ஆடினது? காட்டுங்க."

ஷரீஃப் பாய் தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பந்தயத்தில் நகர்வுகளை எழுதும் தாள். பெருங்குடியில் ஒரு கம்பெனி கேன்டீனில் ஏழு வருஷம் முன்னால் நடந்த பந்தயம். கருணாகரன் முதல் நகர்விலிருந்து விரலை வைத்து இறங்கினார். எங்காவது தப்பாக எழுதியிருப்பார் என்று தேடினார். முப்பத்தோரு நகர்வு, ஒரு தப்பில்லை. அடியில், வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது என்பதற்குக் கீழே, இரண்டு கோடு இழுத்த கையெழுத்து. கருணாகரனுடையது.

தோற்ற ஆட்டத்தின் தாளை அன்றைக்கே கிழித்துப்போடுவது அவர் வழக்கம். ஆனால் எதிராளியிடமும் ஒரு தாள் இருக்கும் என்பதை அவர் எப்போதும் பொருட்படுத்தியதில்லை.

"அன்னிக்கு நீங்க பலகைய பாக்கல சார்" என்றார் ஷரீஃப் பாய் தணிந்த குரலில். "என்னியதான் பாத்தீங்க. கண்ணாடிக் கடைக்காரன்கிட்ட குதிர போச்சேன்னு ஒரு கடுப்பு. கையெழுத்து போட்டுட்டு விருட்டுனு போய்ட்டீங்க. எனக்கு சிப்பாய நகத்துன ஒடனே தெரிஞ்சுபோச்சு. இந்த மனுசன் குதிரைய தூக்கிட்டா நான் காலின்னு சட்ட நனைஞ்சு குந்திகினு கீறேன். நீங்க எழுந்து போய்க்கினு கீறீங்க."

அந்தப் பந்தயத்துக்குப் பிறகுதான் கருணாகரன் போட்டி ஆடுவதை விட்டார். போட்டி என்பது மூட்டை தூக்குகிறவர்களுக்கு, புதிர்தான் அறிவாளிக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.  இந்த அவமானத்தை யார் மேலாவது தூக்கிப்போடலாம் என்று தேடினார். ஒருவரும் அகப்படவில்லை.

அன்புச்செல்வி மன்றத்து நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த புதிர் என்றால், ஆடியவர்கள் பெயரைப் புதிரில் ஜெயித்தவர் அதில் எழுத வேண்டும். கறுப்பு, ஷரீஃப் என்று எழுதியிருந்தாள். வெள்ளை என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வுடும்மா, பேரு வேணாம்" என்றார் ஷரீஃப் பாய். "சார் பாவம்."

இந்த அறையில் இதுவரை யாரும் கருணாகரனைப் பாவம் என்று சொன்னதில்லை. திமிர் பிடித்தவன் என்று சொல்லியிருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் அதைவிட மோசமாகவும். அதெல்லாம் அவருக்குச் சம்மதம். இது பொறுக்கவில்லை. அன்புச்செல்வியின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, வெள்ளைக்கு நேராகக் கருணாகரன் என்று தானே எழுதினார். பழக்க தோஷத்தில் பக்கத்தில் எம்.எஸ்சி. என்றும் போட்டுவிட்டார். அதை அடிக்கலாமென்று பேனாவைத் தூக்கினார், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்.