ஞானசுந்தரியின் தகரப்பெட்டி

"சாவியக் குடுடீ! உங்கம்மாளக் கல்யாணச் சேலை இல்லாம குழிக்கு அனுப்பப் பாக்கறயா?"

"நானே எடுத்துத் தரேனுங்க அத்தை. எல்லாரும் வெளிய போங்க."

"எதுக்கு? நகையப் பதுக்கவா?"

மார்த்தாளின் குரல் கிளியூர் முழுக்கக் கேட்டது. கூடத்தில் அவள் அண்ணி ஞானசுந்தரியைத் தாடை கட்டிக் கிடத்தியிருந்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் நாத்தனாரை ஒரே வார்த்தையில் அடக்கியிருப்பாள். விடிகாலையில் நெஞ்சுவலி. நாலு மணிக்கு அடக்கம். மகள் அபிஷா தகரப்பெட்டிமேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

பெட்டிக்குள் கல்யாணச் சேலைக்கு அடியில் ஒன்பது பெண்களுடைய பாஸ்புக் இருந்தது. எஸ்டேட்டில் காப்பி பறிப்பவர்களில் எட்டாவது வரை படித்தவள் ஞானசுந்தரி ஒருத்திதான். புருஷன்மாருக்குத் தெரியாமல் அவர்களைக் கூட்டிப்போய்க் கணக்குத் தொடங்கி, சலான் எழுதி, புத்தகத்தையும் தானே வைத்துக்கொண்டாள். அவரவர் வீட்டில் இருந்தால் பணம் பிராந்திக்கடைக்குப் போய்விடும்.

அதே தெருக்காரன் தனபால் சுத்தியலோடு வந்தான். எழவு வீடென்றால் அவனுக்குக் கைகால் துறுதுறுக்கும். சொந்த வீட்டில்தான் அசையாது.

"நகரு கண்ணு, ஒரே தட்டு."

வாசலில் அவன் மனைவி தனலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய பாஸ்புக்கும் உள்ளேதான் இருந்தது.

அபிஷா அவளைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஆமாங்க, நகை உள்ளதான் இருக்குது. யாருக்கும் பங்கு தர்றதா இல்லீங்க. இது எங்க ஊட்டு விசயம், நீங்க போங்கண்ணா."

தனபால் சுத்தியலைத் தாழ்த்தினான். "பெத்தவ ஒடம்பு இன்னும் ஆறல, நகைக்கு நிக்கிறா பாருங்க!" என்று மார்த்தாள் மாரில் அடித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். இப்படி ஒரு சமாச்சாரம் வெளியே நடக்கும்போது பிணத்துக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள்? கூடம் காலியானது. அபிஷா கதவைச் சாத்தி, பெட்டியைத் திறந்தாள்.

அதற்கப்புறம் ஒன்பது பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அணைப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டது. விலகும்போது ஒவ்வொருத்தி இடுப்புச் செருகலிலும் அவளவள் புத்தகம் இருந்தது.

அடுத்த மே மாதம் அபிஷாவுக்குச் சேலத்தில் கல்யாணம். கழுத்தில் குந்துமணித் தங்கம்கூட இல்லை. ஆத்தாளோட நகையை இவள் அப்போதே விற்றுத் தின்றுவிட்டாள் என்று பந்தியிலேயே பேசினார்கள். ஜூனில் அவள் ஒருநாள் மலையேறி வந்து, பேங்கில் பணம் எடுக்க ஒரு சலான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதை மட்டும் தெரு எப்படியோ கோட்டை விட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் தனலட்சுமி இரண்டு பிள்ளைகளோடு திருப்பூர் போனாள். வாடகைக்கு அட்வான்ஸ் எவன் கொடுத்தான் என்று தனபால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.