எஞ்சினை நிறுத்திய இடம்

நோபேட் சிவப்பு விளக்கில் காரின் எஞ்சினை நிறுத்துவான். பென்ரோஸிலிருந்து ஹில்ஸ்பரோ வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை விளக்கு உண்டோ, அத்தனை தரம் நிறுத்துவான், அத்தனை தரம் ஸ்டார்ட் பண்ணுவான். பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான். பக்கத்தில் இருக்கும் மனைவி விக்ரோறியா சீட்டில் சரிந்து முகத்தை மறைத்துக்கொள்வாள். "பெற்றோல் என்ன கிணத்துத் தண்ணியே?" என்பான் நோபேட். ஆளைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத காலத்தில் குருநகரில் எஞ்சின் திருத்தியவன் அவன். மோட்டார் சைக்கிளை நாலு துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, மிச்ச தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் அது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டவனை ஊதாரி என்று தெருவே ஏசும். இது ஓக்லண்ட் என்று நோபேட்டின் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை, பாவம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், அங்கே குளிர்காலம். பென்ரோஸில் கிரேம் என்கிற வெள்ளைக்காரனுடைய பட்டறையில் நோபேட்டுக்கு வேலை. புல்வெட்டி, மரம் அறுக்கும் வாள், படகு எஞ்சின் என்று வருவதெல்லாம் திருத்துவான். ஆனால் தற்காலிக வேலை. செப்டெம்பர் முடிவோடு விசா முடிகிறது. நிரந்தர வேலை என்று கிரேம் ஒரு கடிதம் தந்தால் குடும்பத்தோடு இங்கேயே இருக்கலாம். தராவிட்டால் திரும்ப வேண்டும். திரும்பி எங்கே போவது? போன வருஷம்தான் சண்டையில் ஊரே எழும்பி நடந்துபோனது. குருநகர் வீட்டில் கூரை இருக்கிறதா என்று சொல்லக்கூட ஆளில்லை.

கிரேம் கனடாவிலிருந்து எட்டுப் பழைய ஸ்னோமொபைல்களை இறக்கியிருந்தான். பனியில் ஓடுகிற வண்டி. முன்னுக்குச் சில்லுக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னுக்கு ஒரு அகன்ற ரப்பர் பட்டி. பட்டி உருள வண்டி பாயும். எட்டையும் கழற்றிப் பூட்டி ஓட வைத்தவன் நோபேட். அந்த நாட்டின் தென்தீவில், ஒட்டாகோ மலைப்பக்கம் செம்மறி வளர்க்கிற கொலின் என்பவன், உல்லாசப் பயணிகளுக்காக மலையில் ஒரு பாதை போட்டிருந்தான். பாதை சரிவந்தால் எட்டு வண்டியையும் எடுப்பான், ஒவ்வொரு குளிர்காலமும் திருத்த வேலையையும் தருவான். அந்த வேலை வந்தால் நோபேட்டுக்குக் கடிதம் வரும். கிரேம் இதை ஒளிக்காமலே சொல்லிவிட்டான்.

கொலினிடம் ஒரு நிபந்தனை இருந்தது. பாதையைப் பரீட்சித்துப் பார்க்கிறவர்கள் பனியைக் கண்ணால் காணாத இரண்டு பேராக இருக்க வேண்டும். கம்பங்களைப் பார்த்துத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வர வேண்டும். "அவர்களால் முடிந்தால் யாராலும் முடியும்" என்றானாம். நோபேட் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது விக்ரோறியா சிரித்தே விட்டாள். அவள் பென்ரோஸில் ஒரு குளிர்களஞ்சியத்தில், சைபருக்குக் கீழே பதினெட்டுப் பாகையில் மீன் பெட்டி அடுக்குகிறவள்.

"ஐஸைப் பற்றி எனக்கு நீங்கள் பாடம் எடுக்காதேங்கோ. நான் நாளாந்தம் எட்டு மணித்தியாலம் அதுக்குள்ளதானே நிக்கிறன்" என்றாள்.

மகள் சுதர்ஷிகாவைப் பக்கத்து வீட்டு யோகராணி அக்காவிடம் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏறினார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் செம்மறி மயிர் வெட்டுகிற கொலினின் கம்பளிக் கொட்டகை வாசலில் வண்டி தயாராக நின்றது. கொலின் அறுபது வயது ஆள். பேச்சு குறைவு. செம்மஞ்சள் கம்பங்களைக் காட்டினான். நூற்றிருபது கம்பம், மலையைச் சுற்றி வந்து மறுபடி இதே வாசல். கம்பத்தை விட்டு விலக வேண்டாம், இரண்டு மணிக்கு முதல் வந்துவிட வேண்டும், பின்னேரம் காலநிலை மாறும். கையில் ஒரு வயர்லெஸ் தந்தான்.

"ஏதும் என்றால் கூப்பிடு, உடனே வருவேன். ஆனால் கூப்பிட வேண்டி வந்தால் பாதை சரியில்லை என்று அர்த்தம். இந்த வருஷம் திறக்க மாட்டேன்."

இந்த வருஷம் திறக்காவிட்டால் கடிதம் இல்லை. நோபேட் வயர்லெஸை மூன்று தரம் தடவிப் பார்த்துச் சட்டைக்குள் வைத்தான்.

முதல் பத்துக் கம்பத்துக்கு விக்ரோறியா கத்திக்கொண்டே வந்தாள். "இஞ்சாருங்கோ, மெல்ல! மெல்ல எண்டுறன்! மாதாவே!" அவளுடைய இரண்டு கையும் அவன் வயிற்றை நெரித்தன. அவனுக்கும் பயம்தான், ஆனால் எஞ்சினின் சத்தம் காதுக்குச் சுகமாக இருந்தது. தன் கையால் பூட்டிய எஞ்சின் அல்லவா. பதினைந்தாம் கம்பத்தில் அவளுடைய கத்தல் நின்றது. முப்பதாம் கம்பத்தில் பிடி தளர்ந்தது. ஏன் சத்தமில்லை என்று அவன் பயந்து திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

பார்க்காமல் என்ன செய்வது! வெள்ளை என்றால் ஒரு வெள்ளையா? வெயில் படுகிற பக்கம் கண் கூசியது, நிழல் விழுகிற பக்கம் நீலம் பாரித்துக் கிடந்தது. மரம் இல்லை, வீடு இல்லை, வேலி இல்லை, தந்திக்கம்பம் இல்லை. ஆள் கால் வைத்த அடையாளமே இல்லை. மேட்டில் ஏறினால் அதற்கு அப்பால் இன்னொரு மேடு. ஏறி முடிந்தது என்று பார்த்தால் வானத்துக்குள் இன்னொன்று நிமிர்ந்து நிற்கும். இவ்வளவு பெரிய ஒன்றுக்கு முன்னால் தான் ஒரு மனிதனாக நிற்பதே நோபேட்டுக்குக் கூச்சமாக இருந்தது.

எண்பத்திரண்டாம் கம்பத்தில் நிலம் சட்டென்று முடிந்தது. கீழே பள்ளத்தாக்கு. அதன் அடியில் ஓர் ஏரி, கரும்பச்சை. அதற்கு அப்பால் மலை, மலைக்குப் பின்னால் மலை, எண்ணி முடியாது. நோபேட் வண்டியை நிற்பாட்டினான். நின்ற கணமே கை, கேட்காமலே, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியது.

அமைதி வந்தது.

அப்படியோர் அமைதியை அவன் ஆயுளில் கேட்டதில்லை. காற்று இல்லை. குருவி இல்லை. குருநகரில் அமைதி என்றால் அது கெட்ட சகுனம். சத்தம் அடங்கினால் சனம் வானத்தைப் பார்க்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடும். அவனுடைய காது பழக்கதோஷத்தில் விமானத்தைத் தேடியது. தேடித் தேடிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரப்போவதில்லை என்று காதுக்கு விளங்கியபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

விக்ரோறியா தலைக்கவசத்தைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டாள். கோயிலுக்குள் கதைப்பது போலக் கதைத்தாள்.

"பயமா இல்லையப்பா. பாருங்கோ, எனக்குப் பயமாவே இல்லை."

"கடவுள் இதை ஆருக்குக் காட்டவெண்டு இவ்வளவு பெரிசாச் செய்து வைச்சவர்?" என்றான் நோபேட்.

"ஆருக்கும் காட்ட இல்லை. சும்மா செய்திருக்கிறார். அதுதான் இவ்வளவு வடிவு."

கால் மணித்தியாலம் அப்படியே இருந்தார்கள். அவள் அவனுடைய முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கலியாணமாகிப் பதினொரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒன்றையும் நினைக்காமல் இருந்த கால் மணித்தியாலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு சூரியன் முகிலுக்குள் மறைந்தது. தெற்கிலிருந்து காற்று ஒன்று வந்து கழுத்துக்குள் நுழைந்தது. நோபேட் சாவியைத் திருப்பிக் கயிற்றை இழுத்தான். எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்தது. முடுக்கினான். எஞ்சின் கத்தியது, வண்டி அசையவில்லை. இன்னும் முடுக்கினான். ரப்பர் கருகும் மணம் மூக்கில் ஏறியதும் கையை எடுத்துவிட்டான். இறங்கிக் குனிந்து பார்த்தான்.

அவர்கள் நின்ற இடத்தில், பனிக்கு அடியில் ஒரு நீரூற்று. வெயிலில் மேற்பனியும் இளகிச் சேறாகியிருந்தது. ஓடிக்கொண்டே இருந்திருந்தால் ஈரம் உதறுப்பட்டுப் போயிருக்கும். நிறுத்திய கால் மணித்தியாலத்தில் பட்டியும் உருளைகளும் ஒரே ஐஸ் கட்டியாக இறுகிவிட்டன. ஈரத்தில் நிற்காதே என்று கொலின் சொல்லவில்லை. அங்கே பிறந்த எவனுக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை. எட்டு எஞ்சினையும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த நோபேட்டுக்குப் பனியைத் தெரியாது.

"கூப்பிடுங்கோ" என்றாள் விக்ரோறியா. தெற்கு வானம் சாம்பலாகிக்கொண்டு வந்தது.

"கூப்பிட்டால் எல்லாம் முடிஞ்சுது."

"முடியட்டும். உயிர் இருந்தாக் காணும்."

"விக்ரோறியா, திரும்பிப் போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டப்போறம், சொல்லும் பாப்பம்? பிள்ளையை எங்க கொண்டுபோறது?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இருவது நிமிசம். அதுக்குப் பிறகு நீங்கள் கூப்பிடாட்டி நான் கூப்பிடுவன்" என்று சொல்லி, அவன் சட்டைக்குள் கையை விட்டு வயர்லெஸைத் தானே எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு பேருமாக மூச்சுப் பிடித்து வண்டியைப் பக்கவாட்டில் சரித்தார்கள். நோபேட் ஸ்பானர் கிடந்த ஆயுதப் பையிலிருந்து இரும்பு லீவரை எடுத்து ஐஸின் நடுவில் போட்டுக் குத்தத் தொடங்கினான். தூள் பறந்ததே தவிர கட்டி அசையவில்லை. விக்ரோறியா பொறுத்துப் பார்த்தாள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"விடுங்கோ அதை! நடுவில அடிச்சா எந்தக் காலத்திலயாவது ஐஸ் விடுமே? தட்டில மீன் இறுகினா நாங்கள் மீனுக்கா அடிக்கிறனாங்கள்? தட்டின்ர மூலைக்குத் தட்டுறது. இரும்பில தட்டுங்கோ, ஐஸில தட்டாதேங்கோ!"

லீவரைப் பறித்து, உருளை பூட்டியிருந்த இரும்புச் சட்டத்தின் மூலையில் நறுக்கென்று நாலு தட்டுத் தட்டினாள். அடுத்த மூலையில் நாலு. மூன்றாவது மூலையில் தட்டும்போது உள்ளே கிர்ரென்று ஒரு சத்தம். உள்ளங்கை அகலத்தில் ஒரு பாளம் கழன்று விழுந்தது. நோபேட் பிளந்த வாய் மூடாமல் அவளைப் பார்த்தான்.

"என்ன பாக்கிறியள்? பட்டியை இழுங்கோ!"

அவள் தட்ட அவன் இழுக்க, பதினேழாவது நிமிஷத்தில் பட்டி ஒரு சாண் உருண்டது. வண்டியை நிமிர்த்தி ஏறியபோது பனி விழத் தொடங்கியிருந்தது. மிச்சம் முப்பத்தெட்டுக் கம்பத்தையும் நோபேட் எண்ணி எண்ணி ஓட்டினான். ஒரு கம்பம் தெரியாமல் அடுத்த கம்பத்துக்குப் போகவில்லை. எங்கேயும் நிற்கவுமில்லை.

இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கொட்டகை தெரிந்தது. கொலின் தன்னுடைய வண்டியை ஸ்டார்ட் பண்ணி, தேடி வரத் தயாராக வாசலில் நின்றான். அவர்களைக் கண்டதும் ஒரு பெருமூச்சு விட்டான். கையில் அட்டை, அதில் பேனை.

"பாதை எப்படி? பிரச்சினை ஏதும்?"

விக்ரோறியா தமிழில் முணுமுணுத்தாள். "ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான். வாயைத் திறவாதேங்கோ."

சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஐந்து நிமிஷம் பிந்தியதை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் நோபேட்டின் கண்ணுக்குள் அந்த எண்பத்திரண்டாம் கம்பம் நின்றது. அந்த இடத்துக்கு வருகிற எவனும் நிற்பான். நின்றால் எஞ்சினை நிறுத்துவான். அந்த அமைதியைக் கேட்க வேண்டாம் என்று எவனால் போக முடியும்? அவனுக்குப் பின்னால் மனைவி இருப்பாள், பிள்ளை இருக்கும். ஐஸை எங்கே தட்டுவது என்று தெரிந்த ஒருத்தி இருக்க மாட்டாள்.

"நான் எஞ்சினை நிறுத்தினேன்" என்றான் நோபேட். ஆங்கிலம் திக்கியது. "எண்பத்திரண்டில். ஈரம். பட்டி உறைந்துவிட்டது. வண்டியில் பிழை இல்லை. பிழை என்னுடையது."

விக்ரோறியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் நிறுத்தினாய்?"

"கால் மணித்தியாலம்."

"ஏன்?"

நோபேட் சொல்லைத் தேடினான். "கேட்பதற்கு" என்றான்.

கொலின் அட்டையில் ஒரு எழுத்தும் எழுதாமல் கொட்டகைக்குள் போனான். தொலைபேசி எண் சுழற்றும் சத்தம் கேட்டது. "கிரேம்?" என்ற குரல் கேட்டது. அதற்குப் பிறகு காற்று.

"சொல்லிப்போட்டியளே" என்றாள் விக்ரோறியா. கோபமில்லை. களைத்துப்போன குரல். பொய்யும் சொல்லாமல் கடிதமும் வாங்குகிற வழி எது என்று யாராவது அவனுக்குச் சொல்லித் தந்தார்களா?

உள்ளேயிருந்து கொலின் கூப்பிட்டான். தொலைபேசியை நீட்டினான். மறுமுனையில் கிரேம் உரத்துக் கதைத்தான், எப்போதும் போல. முப்பது வருஷமாக அந்த மேட்டைக் கடக்கிற கொலின் ஒரு நாளாவது அங்கே நின்றதில்லையாம். வருகிறவர்கள் நிற்பார்கள் என்பதே அவனுக்குத் தோன்றவில்லையாம். இருநூறு யார் தூரம் தள்ளிக் கற்பாறை இருக்கிறதாம், பாதையை அதற்கு மேலால் மாற்றி, எஞ்சினை நிறுத்துகிற இடம் இதுதான் என்று பலகை நட்டு, இரண்டு கிழமையில் திறப்பானாம். எட்டு வண்டியும் விற்றுப்போய்விட்டது. இந்த ஆளை நீ வைத்திருக்காவிட்டால் நான் வைத்திருப்பேன் என்றும் கொலின் சொன்னானாம்.

"திங்கட்கிழமை கடிதத்தை அடித்து வைக்கிறேன்" என்றான் கிரேம். "உன் நீளமான முழுப்பெயருக்கு எத்தனை எழுத்து என்று மட்டும் வந்து சொல்லு."

நோபேட் தொலைபேசியை வைத்தான். "என்னவாம்? என்னவாம் சொல்லுறான்?" என்று விக்ரோறியா அவன் கையைப் பிடித்து உலுப்பினாள்.

"திங்கட்கிழமையாம். கடிதம்" என்றான். பனி ஒட்டிய சப்பாத்தோடு, செம்மறி மயிர் சிதறிக் கிடந்த பலகைத் தரையில் அப்படியே குந்திவிட்டான். தோள் குலுங்கியது.

"எழும்புங்கோ, வெள்ளைக்காரன் பாக்கிறான்" என்றாள் விக்ரோறியா. சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் இருந்து, அவனைவிடப் பெரிதாக அழத் தொடங்கினாள்.