அடுத்த மாதம் பார்க்கலாம்

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம் உண்டு. விட்டுப் போனவர் யாராவது திரும்பி வந்தால், மாதம் ஒரு முறை வரும் இராப்போஜன ஞாயிறன்று மூப்பர் ஒருவர் அவர் பக்கத்தில் எழுந்து நின்று, "இவர் நம்மோடு சேரட்டும்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் குமாரசாமி, பட்டு நெசவு செய்கிறவன், சபை மூப்பர்களில் ஒருவன். இருபது வருடத்தில் ஓர் ஆராதனையும் தவறவிட்டதில்லை. அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. என் தங்கை காந்தா முசரவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமியார் சொன்னாரென்று குங்குமம் வைத்துக்கொண்டாள், கோயிலுக்கும் போனாள். போதகர் தேவகுமார் பின்வாங்கிப் போகிறவர்களின் மனசு கல்லாகிவிடும் என்று எச்சரித்துப் பிரசங்கிக்கும் போதெல்லாம் நான் அவளை நினைத்துக்கொண்டு தலையாட்டுவேன். என்னையும் சொல்கிறார் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அறுபத்தேழு தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். காந்தா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை.

"அண்ணா, எனக்குத் தூக்கமே இல்ல. உள்ள யாரோ கூப்டுக்கினே இருக்கிற மாதிரி இருக்குது. நான் திரும்பி வந்துடறேன். இந்த ஞாயித்துக்கெழம எனக்காக எழுந்து நில்லுண்ணா."

அழுதுகொண்டே சொன்னாள். எனக்குள் ஒரு சந்தோஷம். அவள் மனம் திரும்பியதற்காக அல்ல, கடைசியில் என்னிடம்தானே வந்து நிற்கிறாள் என்று. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"நெனச்சா போறதுக்கும் நெனச்சா வர்றதுக்கும் இது இன்னா சத்திரமா? கஞ்சி காயுது, போ. அடுத்த மாசம் பார்க்கலாம்."

அடுத்த மாதமும் வந்தாள். அந்தத் தடவை அழவில்லை. நான் அதே பதிலைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் உருகட்டும் என்று எண்ணம். கஞ்சி போட்ட பாவை அரை மணி நேரம் கவனிக்காமல் விட்டால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். அதற்காகச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காதவன் நான்.

பங்குனியில் அவள் வரவில்லை. இராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கிழமை போதகர், "காந்தா எப்படி இருக்குது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு மறைக்க முடியவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மனசு கல்லாயிடும்னு நான் சொன்னதெல்லாம் வெளிய இருக்கிறவங்களுக்குன்னு நெனச்சீங்களா? உள்ள உக்காந்துக்கினு கேக்கறவங்களுக்குத்தான் அது. ஒருத்தர் வழுக்கினா இன்னொருத்தர் அன்னிக்கே கையக் குடுக்கணும். அன்னிக்கேங்க."

அடுத்த பஸ்ஸிலேயே முசரவாக்கம் போனேன். காந்தா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. சிரித்து, தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னாள்.

"நாளைக்கே வாம்மா. நான் நிக்கறேன். தப்பு என்னுதுதான்."

"உன் மேல கோவமே இல்லண்ணா. கோவம் இருந்தாலாவது ரோஷத்துக்கு வந்திருப்பேன். உள்ள கூப்டுக்கினு இருந்துச்சே, அது நின்னுபோச்சு. காது குடுத்துக்கூடப் பார்த்தேன். ஒண்ணும் கேக்கல."

நான் அங்கேயே உடைந்து அழுதேன். தை மாதத்தில் என் முன்னால் அழுதவள், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி கடலையை எடுத்துக்கொண்டாள்.

"எழுந்திருண்ணா," என்றாள். "பஸ் வந்துடும்."