கடைத்தெருவின் வேட்பாளர்

பம்மலில் எங்கள் தெருவில் கடை இல்லாத இடம் என்றால் சாக்கடை ஒன்றுதான். அதன் மேலும் பலகை போட்டு ஒருவர் செல்போன் கவர் விற்கிறார். இத்தனை கடை இருந்தும் மாநகராட்சியில் நம் ஆள் ஒருவர் இல்லையே என்று வியாபாரிகள் சங்கம் கூடி, தோல் பைக் கடை அயூப் பாயை வார்டு உறுப்பினருக்குச் சுயேச்சையாக நிறுத்தியது. பாயிடம் பேரம் பேசித் தோற்றவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அதிகாரிகள் எம்மாத்திரம்?

வாக்குறுதி ஒன்றே ஒன்று: நடைபாதைக் கடைகளை எடுப்பது. பாய் கடை வாசலிலேயே பொன்னியம்மாள் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருப்பார். பை வாங்க வந்தவர்கள் பையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு சரி. பாயும், சங்கத் தலைவர் ஹார்டுவேர் தட்சிணாமூர்த்தியும், அதே தெருவில் கடை வைத்திருக்கும் நானும் மதியம் தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். முன்மொழிபவர் யார் என்று அலுவலர் கேட்டார். தலைவர் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார். வீடு எங்கே என்றதும் பல்லாவரம் கன்டோன்மென்ட் என்றார். அது மாநகராட்சியிலேயே சேராது, உங்களுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது என்றுவிட்டார் அலுவலர்.

தலைவருக்கு விளங்கவில்லை. முப்பது வருஷமாக இங்கே கடை, ஒழுங்காக வரி கட்டுகிறேன் என்றார். கடைக்கு ஓட்டு இல்லை, குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு என்று பதில் வந்தது. நான் முன்னே போனேன். எனக்குச் சிட்லபாக்கம். மாநகராட்சிதான், ஆனால் வேறு வார்டு. முன்மொழிபவர் இதே வார்டின் வாக்காளராக இருக்கவேண்டுமாம். அப்படியென்றால் பீர்க்கன்கரணையில் குடியிருக்கும் பாய் மட்டும் எப்படி நிற்கலாம் என்று தலைவர் மடக்கினார். நிற்கிறவருக்கு மாநகராட்சிக்குள் எந்த வார்டில் ஓட்டு இருந்தாலும் போதுமாம்.

"அப்போ பாய் நிக்கலாம், பாய் ஓட்டு பாய்க்கு விழாதா?" என்றார் தலைவர்.

விழாது என்றார் அலுவலர். தலைவர் நாற்காலியைத் தேடினார்.

வெளியே வந்து கடை கடையாகப் போன் போட்டோம். ஒருவருக்குக் குன்றத்தூர், ஒருவருக்கு அனகாபுத்தூர், ஒருவருக்குப் பொழிச்சலூர். தெரு முழுக்க நம் ஓட்டு என்று கணக்குப் போட்டிருந்தோம். கடையடைத்து ஷட்டரை இறக்கினால் ஒரு ஓட்டும் தெருவில் தங்குவதில்லை.

இந்த வார்டில் ஓட்டு இருப்பது கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருப்பவர்களுக்குத்தான். அவர்களில் எங்களுக்குப் பெயர் தெரிந்தவர் பொன்னியம்மாள் ஒருவர்தான். அதுவும் அவர்மேல் புகார் எழுதப்போய்த் தெரிந்தது. மணி நாலைத் தாண்டியிருந்தது. மூவரும் அவர் கூடைக்கு முன்னால் போய் நின்றோம்.

"இன்னா பாய், என்னைத் தூக்கப்போறேன்னு மைக்குல சொன்னே. அதுக்கு நானே கையெழுத்து போடணுமா?"

பாய் பேரத்தை ஆரம்பித்தார். கூடையை ஹார்டுவேர் கடை வாசலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். தலைவர் இருமினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்காரலாம் என்று பாய் இறங்கினார். பொன்னியம்மாள் நெத்திலியைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"உன் கடையில ஒரே விலைன்னு போர்டு மாட்டிகினு கீறே. எனக்கும் ஒரே விலைதான். இப்போ குந்திகினு கீற எடத்துலயே குந்துவேன்."

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரைத் திருப்பினார். பின்சீட்டில் பொன்னியம்மாள் ஏறிக்கொண்டார். மனு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை கூடை அதே இடத்தில் இருந்தது. சங்கமே பாய் கடை வாசலில் கூடியது. நீங்கள் எங்கள் ஆளா, அந்தம்மா ஆளா என்று தலைவர் கேட்டார். மனுவை வாபஸ் வாங்கச் சொன்னார்.

"வாபஸ்ன்னா நான்தான் கையெழுத்து போடணும்," என்றார் பாய் நிதானமாக. "உங்களுக்கு இங்க ஓட்டே இல்லையே அண்ணா."

பொன்னியம்மாள் முன்னே நடக்க, பாய் பின் சந்துக்குள் நுழைந்து முதல் வீட்டு வாசலில் கும்பிடு போட்டார். கூடப் போவதா, போய்க் கடையைத் திறப்பதா என்று தெரியாமல் நாங்கள் கருவாட்டுக் கூடையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.