பேர் சொல்லக் கூடாத காடு

"ஊய்...! ஊய்ய்ய்...!"

கத்திக்கொண்டே ஷாமினி சரிவில் பாய்ந்தாள். வெட்டிப் போட்டிருந்த செம்பனை மட்டையின் முள் முழங்கையைக் கிழித்தது. அவள் நிற்கவில்லை. கீழே ஏதோ அசைந்தது. ஒரு நீலச் சட்டை!

இல்லை. உரச்சாக்கு. காற்றில் உப்பியிருந்த வெறும் உரச்சாக்கு.

"மெதுவா லா, ஷாமினி! நீயும் விழுந்து வச்சா யார யார் தூக்குறது?" மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தார் சசிதரன். நடைக் குழுவின் தலைவர். கழுத்தில் விசில், முதுகில் முதலுதவிப் பை. காலையில் அந்த விசிலைப் பார்த்து எல்லோரும் கேலி செய்தார்கள். இப்போது அதை ஊதி ஊதி அவர் உதடு வெளுத்திருந்தது.

"அந்தப் பக்கம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. செல்லம் அக்கா கோஷ்டி மேல் ரோட்டுல போறாங்க. போலீசுக்கும் போம்பா தீயணைப்புக்காரங்களுக்கும் போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டு இருக்காங்க." சசிதரன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அப்பாவுக்கு வெறும் மறதின்னுதானே சொன்னீங்க? உங்கம்மா இப்ப வேற மாதிரி சொல்றாங்க."

ஷாமினி முழங்கை ரத்தத்தைத் துடைத்தாள்.

வெறும் மறதி. போன வாரம் அப்பா அவளைப் பார்த்து, "நீங்க கிளினிக்குலேருந்து வர்றீங்களாம்மா?" என்று கேட்டார். பெற்ற மகளை. முந்தாநாள் வீட்டுச் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டு, திருடன் வந்துவிட்டான் என்று அம்மாவின் கன்னத்தில் அறைந்தார். இதையெல்லாம் சொன்னால் எந்தக் குழு சேர்த்துக்கொள்ளும்?

அப்பா மாயாண்டிக்கு வயது எழுபது. சிரம்பான் அடுக்குமாடியில் மூன்று வருடமாகப் பூட்டிய கதவுக்குள் வாழ்கிறவர். டாக்டர்தான் சொன்னார், வெயில் படட்டும், கொஞ்சம் நடக்கட்டும் என்று. அந்த நேரம் பார்த்து ஷாமினியின் போனில் வந்து விழுந்தது சசிதரனின் அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை நடை. எளிதான பாதை. கோலா பிலாவில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, மலாய்க் கம்பத்துக் கிராமத்தின் வழியாக மேடேறி, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கி, அந்தப் பக்கத்துச் சின்னப் பட்டணத்தில் செண்டோல் குடித்துவிட்டு வேனில் திரும்புவது. குழந்தைகூட நடக்கும்.

நடந்தார். ரொம்ப நன்றாகவே நடந்தார். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருபது வருடம் பழக்குலை வெட்டி நடந்த கால்கள் அல்லவா? மேட்டில் எல்லோரையும் முந்தினார். "பாருங்க லா, அங்கிளுக்கு எஞ்சின் புதுசு!" என்று செல்லம் அக்கா சிரித்தாள். ஷாமினிக்குக் கண் கலங்கியது. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷத்தில்.

தொழிலாளர் வீட்டு வரிசையான பழைய லயம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. ஷாமினி முன்னால் போய்விட்டிருந்தாள். அம்மா நீலாவதியும் அப்பாவும் கடைசியாக வந்தார்கள். பத்து நிமிடம் கழித்து அம்மா மட்டும் வந்தாள்.

"குனிஞ்சு ஷூ கயிறு கட்டுனேன். நிமிந்து பாத்தா ஆளக் காணோம்."

அப்பா எப்படிப் போனார் என்பது பற்றி அதற்குமேல் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சந்திக்குத் திரும்பி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தவள்தான். அழக்கூட இல்லை.

அது மதியம். இப்போது மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெலெபு பக்கத்து மலைகளின்மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அப்பா...!" ஷாமினி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

பிரயோசனமில்லை. தனக்கு ஒரு மகள் இருப்பதே தெரியாத மனிதருக்கு 'அப்பா' என்ற சொல் யாரையோ யாரோ கூப்பிடுவது.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கலாமா, சார்?"

சசிதரன் பதறினார். "காட்டுல பேர் சொல்லக் கூடாது லா! மலாய்க்காரங்களும் அதையேதான் சொல்வாங்க. கூப்பிட்ட பேரை வேற எதாச்சும் கேட்டு வச்சுக்கும். 'ஊய்'னு கத்து, போதும். மனுஷக் குரல் கேட்டா வந்துடுவாரு."

எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மேல் சாலையிலிருந்து செல்லம் அக்காவின் கீச்சுக் குரல். வலப்பக்கச் சரிவிலிருந்து யாரோ ஒரு ஆணின் குரல். நடுவில் ஷாமினி. மூன்று பக்கமும் ஒரே சத்தம்.

ஊய்... ஊய்ய்... ஊய்...

அப்போதுதான் நான்காவதாக ஒரு 'ஊய்' கேட்டது.

ஷாமினி சட்டென்று திரும்பினாள். பள்ளத்தாக்கின் தூரத்து மூலையிலிருந்து வந்தது அது. குழுவில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த நொடி, 'தொம்' என்று ஒரு சத்தம். பாரமான எதுவோ உயரத்திலிருந்து மண்ணில் விழுகிற சத்தம்.

"என்னது அது?"

"குலை வெட்டுறாங்க. கான்ட்ராக்ட் ஆளுங்க, ஞாயித்துக்கிழமையும் வேலை செய்வாங்க" என்றார் சசிதரன்.

ஷாமினிக்குத் தலைக்குள் ஏதோ உடைந்தது.

அப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு, அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறாள். எங்கோ ஒரு 'ஊய்'. அப்பா கத்திக் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, சத்தம் வந்த திசைக்கு எதிர்த் திசையில் ஓடுகிறார். பின்னால் 'தொம்'. "ஊய் கேட்டா என்னா செய்யணும் பாப்பா? ஓடணும். கிட்ட வரக் கூடாது. தலையில குலை விழுந்தா சட்னிதான்!"

இருபது வருடம் அந்த உடம்பில் ஏறிய பாடம். மனைவியை மறந்தார், மகளை மறந்தார். அந்தப் பாடம் மறந்திருக்குமா?

"சார், நிறுத்துங்க! எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க!" அவள் சசிதரனின் விசிலைப் பிடுங்கினாள். "நாம கூப்பிடல. விரட்டுறோம்! மத்தியானத்துலேருந்து மூணு பக்கமும் நின்னு அவர விரட்டிக்கிட்டே இருக்கோம்!"

சசிதரனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் முகம் செத்துப்போனது.

மூன்று பக்கமும் ஆட்கள் என்றால் மிச்சமிருந்தது ஒரே பக்கம். கீழே, பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிற பெரிய வாய்க்கால். அதைத் தாண்டினால் புதர் மண்டிய பழைய ரப்பர் காடு.

ஷாமினி ஓடினாள். வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேட்டில் வந்து நின்றாள். கீழே எங்கு பார்த்தாலும் செம்பனைத் தலைகள்தான். அந்தப் பக்கம் இருட்டிய காடு.

வாயைத் திறந்தாள். வரவில்லை. பெற்ற தகப்பனின் பெயரை எந்தப் பிள்ளை சத்தம் போட்டுச் சொல்லும்? அம்மா இந்த வயது வரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை, 'என்னாங்க'தான். சசிதரன் சொல்ல மாட்டார். மற்றவர்களுக்கு அவர் அங்கிள். அந்த மனிதருடைய பெயர் இந்தக் காட்டில் இன்று இன்னும் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

"மாயாண்டி...!"

குரல் எட்டவில்லை. மறுபடியும், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அதட்டுவது போல, அடித்தொண்டையில்:

"டேய் மாயாண்டி...!"

நிசப்தம். ஒரு பறவைகூட இல்லை.

பிறகு வெகு தூரத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்லியதாக, பணிவாக ஒரு குரல்:

"வரேன் மண்டோரே...!"

"அப்பா!" ஷாமினி சிரித்தாள், அழுதாள். சசிதரனின் கையைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டீங்களா? கேட்டீங்களா சார்?"

"கேட்டேன் லா! கூப்பிடு, இன்னும் கூப்பிடு!"

"மாயாண்டி! இங்க வா...! இந்தப் பக்கம் வா...!"

"தோ, வந்துட்டேன்...!"

குரல் நெருங்கியது. இருவரும் மட்டைகளை மிதித்துக்கொண்டு அதை நோக்கி இறங்கினார்கள். பாதிச் சரிவில் மழை பிடித்துக்கொண்டது. தூறல் கீறல் எதுவும் இல்லை, ஒரேயடியாகக் கொட்டியது. அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வாய்க்கால் கரைக்கு வந்து நின்றபோதுதான் பார்த்தாள்.

காலையில் சாலையிலிருந்து பார்த்தபோது, கணுக்கால் நனையாமல் தாண்டக்கூடியதாக இருந்த வாய்க்கால். மலைமேல் மழை எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும். காப்பி நிறத்தில், கரையைத் தொட்டுக்கொண்டு, மட்டைகளையும் கட்டைகளையும் உருட்டிக்கொண்டு ஓடியது தண்ணீர். அந்தப் பக்கக் கரையில் ஈர மண்ணில் கால் சறுக்கிய ஒரு தடம், நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

"மாயாண்டி...?"

பதில் இல்லை.

தீயணைப்பு மீட்புப் படையினர் வந்து, கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள். சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற சிமெண்டுக் குழாயின் வாயில், மட்டைக் குவியலில் சிக்கியிருந்தார் மாயாண்டி. கண்கள் திறந்திருந்தன. அதிகாரி தொப்பியைக் கழற்றினார். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. மழை விட்டு, மலைகள் கழுவி வைத்தது போல அழகாக நின்றன. ஷாமினிக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உடலைத் துணியால் மூடினார்கள். செல்லம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். சசிதரன் யாரையும் பார்க்க முடியாமல் செம்பனை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீலாவதியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் துணிக்கு வெளியே தெரிந்த கணவனின் பாதத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் விரலாக.

ஷாமினி அவள் மடியில் விழுந்தாள்.

"அம்மா... நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேம்மா. அந்தப் பக்கம் பத்திரமாத்தான் இருந்தாரு. நான் கூப்பிட்டதாலதான் தண்ணியில இறங்குனாரு. 'வரேன்'னு சொன்னாரும்மா... நான்தான் கொன்னுட்டேன்..."

"இல்ல பாப்பா."

"நான்தாம்மா!"

"நீ இல்ல." அம்மாவின் கை சேற்றைத் துடைப்பதை நிறுத்தியது. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளின் காதருகே குனிந்தாள். "அவரு தொலஞ்சு போகலடி."

ஷாமினி தலையை நிமிர்த்தினாள்.

"அந்தச் சந்தியில நின்னு எங்கிட்ட கேட்டாரு. 'அக்கா, எங்க வீட்டுக்காரி லயத்துல தனியா இருப்பா. தேடுவா. நான் போகட்டுமா?'ன்னு. மூணு வருஷமா தெனம் கேக்குறாரு. தெனமும் கையப் பிடிச்சு, 'நான்தாங்க உங்க வீட்டுக்காரி'ம்பேன். சில நாளு அழுவாரு. சில நாளு அடிப்பாரு."

"இன்னிக்கு?"

நீலாவதி துணியை இழுத்து அந்தப் பாதங்களை மூடினாள்.

"இன்னிக்குக் கைய விட்டுட்டேன். 'போயிட்டு வாங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல, பாப்பா. 'போங்க'ன்னேன்."